தொடு, திருப்பாதே

அன்று காலை அம்மா அடுப்புப் பக்கமே போகவில்லை. ரொட்டியும், முந்தின நாளே வேகவைத்து வைத்த முட்டையும்தான் மேசைக்கு வந்தன.

காரணம் குட்டிக்குத் தெரியும். சில வாரங்களாக இந்த வீட்டில் அப்படித்தான். அவள் சமையலறைக்குள் நுழைந்தால் போதும், அம்மா அடுப்பின் திருகிலிருந்து கையை எடுத்துவிடுவாள். ஏதோ எடுக்கக் கூடாததை எடுத்து மாட்டிக்கொண்டவள் மாதிரி முகம் மாறிவிடும்.

எல்லாம் அந்தத் திருகில்தான் தொடங்கியது.

குட்டிக்கு வேலை டாக்சி அலுவலகத்தில். பகலெல்லாம் மைக்கின் முன்னால் உட்கார்ந்து ஊரின் கார்களை அங்கும் இங்கும் அனுப்புவாள். அவள் விடுமுறை நாட்களில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது அம்மா தன்னாலான உதவியைச் செய்தாள். குட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் அடுப்பை அணைப்பாள். "எஞ்சின் போச்சு" என்பாள். குட்டி கத்தியை வைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேகத்தைப் பிடி. இறங்க வயலைப் பார். பெட்ரோல் வால்வைப் பார். வால்வு என்று சொல்லும்போதே அடுப்பின் திருகை இடப்பக்கம் திருப்பி மறுபடி பற்ற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சமையல் என்னாவது?

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பழகினார்கள். கையும் சேர்ந்து பழகிக்கொண்டது. வினை அங்கேதான்.

லைசென்ஸுக்கான பறக்கும் தேர்வில், வானத்தில், தேர்வாளர் எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிட்டு "எஞ்சின் நின்னுடுச்சுன்னு வெச்சுக்கங்க" என்றார். அது ஒத்திகை. வால்வைத் தொட்டு, திறந்திருக்கிறது என்று சொன்னால் போதும். குட்டியின் கை, இருக்கைகளுக்கு நடுவே தரையில் இருந்த வால்வைப் பிடித்து இடப்பக்கம் ஒரே திருப்பாகத் திருப்பியது. அடுப்புக்கு அது திறப்பது. அந்த விமானத்துக்கு மூடுவது. நின்றதாக வைத்துக்கொண்ட எஞ்சின் நிஜமாகவே திணறத் தொடங்கியது. தேர்வாளர் வால்வைத் திறந்து விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். குட்டி ஃபெயில்.

அக்காவின் வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இதை அவர் அப்பாவின் காதில் போட்ட விதத்தில், விமானம் தலைகுப்புற விழுந்து ஒரு மரத்தின் நுனியைத் தொட்டுவிட்டு மேலே எழும்பியிருந்தது. சொல்லி முடித்த கையோடு குட்டிக்கு நல்ல பாலிசி ஒன்று இருப்பதாகவும் சொன்னார்.

அப்பா பாலிசியைக் காதில் வாங்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களின் வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தே தலை நரைத்தவர். "கை தப்பாப் போன ஆளை நான் மறுபடி லிஃப்ட் குழிக்குள்ள இறக்கினதில்ல" என்றார். "என் பொண்ணுன்னா மட்டும் இறக்குவேனா?"

அதுதான் அவர் குட்டியிடம் நேராகச் சொன்ன கடைசி வாக்கியம். அதற்குப் பிறகு எல்லாம் அம்மா வழியாகத்தான். போன வாரம் சாப்பாட்டு மேசையில், மறுபடி தேர்வுக்குப் போகிறேன் என்று குட்டி சொன்னபோது அவர் பாதியில் எழுந்து போய்விட்டார். இன்றுதான் அந்தத் தேர்வு.

அப்பா அறையை விட்டு வெளியே வந்து ஷூவுக்குள் காலை நுழைத்தார். வாட்டசாட்டமான ஆள். அவர் குனிந்தால் கூடமே குனிந்த மாதிரி இருக்கும்.

"அவகிட்ட சொல்லு. இன்னைக்கு கார் எனக்கு வேணும்."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். "கம்பெனி வேன் வாசல்ல நிக்குதேங்க."

"வேன்ல ஏணி இருக்கு. எனக்கு இடமில்ல."

"அம்மா, அவர்கிட்ட சொல்லு" என்றாள் குட்டி, முட்டையை உரித்தபடி. "கார் இல்லன்னா நடந்து போவேன்."

"கைக்குப் புத்தி கிடையாதுன்னு சொல்லு. பழகினதைத்தான் அது செய்யும்."

"வேற பழக்கம் பழக்கியாச்சுன்னு சொல்லு."

"நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்றாள் அம்மா.

அப்பா ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். காரும், அவர்கூட வேலை பார்க்கிற ஆள் ஓட்டிய வேனும் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அது அடங்கியதும் அம்மா ஒரு பையில் ரொட்டியும் தண்ணீரும் வைத்தாள். தலையை வாரிக்கொண்டாள். செருப்பைத் தேடினாள்.

"நீ எங்கே கிளம்பிட்ட?"

"உன்கூட."

"நீயா? ஸ்டூல் மேல ஏறினாலே கண்ணை மூடிக்குவ."

"நான் தரையிலதான் நிக்கப் போறேன்." அம்மா பையின் வாயை முடிந்தாள். "கெடுத்தது நான். நிக்கிறதும் நான்தான்."

அம்மாவுக்கு இது தெரியும் என்பதே அப்போதுதான் குட்டிக்கு உறுதியானது. இத்தனை நாளும் அடுப்பைப் பற்றிக் குட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தேர்வாளர் ஏன் என்று கேட்டபோதுகூடத் தெரியவில்லை என்றுதான் சொன்னாள். அம்மாவோ தானாகவே தெரிந்துகொண்டு, தனியாகவே சுமந்திருக்கிறாள்.

"நீ ஒண்ணும் கெடுக்கலம்மா. திருப்பினது என் கை."

"சரி, அந்தக் கையால அந்தப் பையை எடு."

குட்டி தன் அலுவலகத்துக்கே போன் செய்து டாக்சி கேட்டாள். அவளுடைய நாற்காலியில் இன்று உட்கார்ந்திருந்த தோழி குரலை அடையாளம் கண்டுகொண்டு, இருக்கிற வண்டிகளிலேயே ஓட்டை இல்லாததாக ஒன்றை அனுப்புவதாகச் சொன்னாள். வந்த வண்டியின் கதவு ஒரு பக்கம் திறக்கவில்லை. இதுவே நல்லது என்றால் மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று அம்மா வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பேச்சு நின்றால் பயம் வந்துவிடும் என்பது போல.

விமானத் திடல் ஊருக்கு வெளியே இருந்தது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு கம்பி வேலி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்ட ஒரு கம்பத்தில் துணிக்குழல். துணிக்குழல் இன்று சும்மா இருக்கவில்லை. ரன்வேக்குக் குறுக்கே பார்த்துப் படபடத்தது. கொட்டகையில் இருந்தவர்கள் அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேர்வாளர் அதே பெண்மணிதான். ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்துக் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. கோபமும் இல்லை, கனிவும் இல்லை. மற்றதெல்லாம் அன்றே தேறிவிட்டது, தோற்றதை மட்டும் இன்று பார்க்கப்போகிறோம் என்றார். ஒன்றை மட்டும் நினைவுபடுத்தினார். தேர்வு என்றாலும் விமானத்துக்குப் பொறுப்பு குட்டிதான்.

"இன்னைக்கும் பைலட் நீங்கதான். நான் வெறும் பாரம்."

பாரத்துக்கு எடை கேட்க வேண்டும். இரண்டே பேர் உட்காரும் சின்ன விமானம் அது. ஆளின் எடை, பையின் எடை, பெட்ரோலின் எடை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். வயதில் மூத்த ஒருவரிடம் உங்கள் எடை என்ன என்று கேட்கக் குட்டிக்கு இன்னமும் நாக்குக் கூசும். தேர்வாளர் கண்ணிமைக்காமல் சொன்னார். குட்டி கூட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

பிறகு விமானத்தைச் சுற்றி வந்தாள். தொட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். இறக்கையைத் தடவினாள். சக்கரத்தை உதைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா ஏதோ சைகை செய்தாள். கூர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொள்ளச் சொல்கிறாள்.

ஓடி, எழும்பி, மேலே வந்தார்கள்.

மேலிருந்து ஊரைப் பார்ப்பது குட்டிக்கு எப்போதும் ஆச்சரியம். மைக்கில் பெயர் சொல்லியே பழகிய தெருக்கள் எல்லாம் கீழே உண்மையிலேயே இருந்தன. தான் சொன்னதால்தான் அவை வந்து படுத்துக்கொண்டன என்று ஒரு கணம் தோன்றும். அந்தத் தெருக்களில் ஏதோ ஒன்றில், ஏதோ ஒரு கட்டடத்தின் குழிக்குள், அப்பா இப்போது கயிறுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே ஒரு விமானம் போகும் சத்தம் அங்கே கேட்காது. கேட்டாலும் தலை தூக்க மாட்டார்.

தேர்வாளரின் கை முன்னால் நீண்டது. எஞ்சின் சத்தம் இறங்கி முனகலாகியது.

"எஞ்சின் நின்னுடுச்சு."

குட்டி விமானத்தின் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைப் பிடித்தாள். வாய் தன்பாட்டுக்குச் சொல்லத் தொடங்கியது. வேகம் சரி. காற்று இடப்பக்கத்திலிருந்து. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல். அங்கேதான் இறங்கப் போகிறேன்.

"அந்தப் பச்சை வயல் இன்னும் நல்லா இருக்கே" என்றார் தேர்வாளர், ஜன்னல் வழியாகப் பார்த்தபடி.

பச்சை வயல் நன்றாகத்தான் இருந்தது. படம் வரைந்த மாதிரி இருந்தது. அதன் ஓரத்தில் வரிசையாகக் கம்பங்களும் இருந்தன.

"வேணாம் மேடம். குறுக்கே கரண்ட் கம்பி போகுது. நான் சொன்ன வயல்தான்."

அடுத்தது வால்வு.

வலது கை கீழே இறங்கியது. அந்தக் கையைத்தான் அப்பா நம்பவில்லை. இத்தனை நாளும் அவளும் நம்பவில்லை. டாக்சி அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய், கதவுக் குமிழ், ரேடியோவின் சத்தத் திருகு என்று கண்ணில் பட்ட திருகையெல்லாம் வைத்து அதற்கு வேறு பாடம் நடத்தியிருந்தாள். கை வால்வின் மேல் போய் நின்றது. விரல்கள் மடங்கின. உள்ளங்கை மேல் பக்கம் திரும்பியது. புறங்கை மட்டும் வால்வைத் தொட்டது.

"வால்வு திறந்திருக்கு" என்றாள்.

"திருப்பிக் காட்டுங்க."

குட்டிக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். தேர்வாளர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பத் தெரியுமான்னு நான் பாக்கணும். திருப்பிக் காட்டுங்க."

லைசென்ஸ் தருவதும் தராததும் இந்த ஒருவர் கையில். இன்னொரு முறை தோற்றால் அப்பா சொன்னது சரியென்று ஊரே தலையாட்டும். அம்மா இனி வாழ்நாள் முழுதும் ஆறிய முட்டையை மேசையில் வைப்பாள். ஒரு சின்னத் திருப்பு. சொன்னதைச் செய்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

"மாட்டேன் மேடம்."

"நான் தேர்வாளர்."

"தெரியும் மேடம். ஆனா பைலட் நான். எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. நிஜமா நின்னா வால்வைத் திருப்பிப் பாப்பேன். ஓடற எஞ்சினுக்குப் பெட்ரோலை மூட மாட்டேன். யார் சொன்னாலும்."

"அன்னைக்குத் திருப்பினீங்களே."

"அன்னைக்குக் கை திருப்பிடுச்சு. இன்னைக்கு நான் பேசறேன்."

வயல் மேலே மேலே வந்தது. அறுத்த நெல்லின் தாள்கள் தனித்தனியாகத் தெரிந்தன. டிராக்டர் போன தடம் தெரிந்தது. இதில் இறங்கிவிடலாம் என்று குட்டிக்குத் தெளிவாகத் தெரிந்தது. குலுங்கும், சேறு தெறிக்கும், ஆனால் எழுந்து நடந்து போகலாம். வேறு எது எப்படிப் போனாலும் இதை யாரும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

"போதும். ஏறுங்க."

எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்தாள். அது ஒரு இருமல்கூட இல்லாமல் பிடித்துக்கொண்டது.

திரும்பி வரும் வழியில் தேர்வாளர் மடியில் வைத்திருந்த தாளில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். முடிவு என்ன என்று குட்டி கேட்கவில்லை. ரன்வேயில் குறுக்குக் காற்று அவளைக் கொஞ்சம் ஏமாற்றியது. சக்கரம் தரையைத் தொட்டு, துள்ளி, மறுபடி தொட்டது. கொட்டகைக்கு முன்னால் எஞ்சினை நிறுத்தியதும் வந்த அமைதியில் கூரைத் தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தேர்வாளர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். பிறகு அப்படியே நின்றார்.

"பெரியவங்க சொன்னா திருப்பிடறவங்க நிறைய பேர். புறங்கையால ஏன் தொட்டீங்க?"

குட்டி தன் கையைப் பார்த்தாள். "எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக், மேடம். கரண்ட் இருக்குமோன்னு சந்தேகம் வந்தா எந்தக் கம்பியையும் புறங்கையாலதான் தொடுவார். உள்ளங்கையால தொட்டா ஷாக்ல கை மூடிக்கும், விடாது. புறங்கையால எதையும் பிடிக்க முடியாது. பிடிக்க முடியலன்னா திருப்பவும் முடியாது."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேறிட்டீங்க. அந்த லேண்டிங்கைப் பத்தி மட்டும் யார்கிட்டயும் பெருமை பேசாதீங்க."

அம்மா வேலியின் கம்பியை விடாமல் பிடித்ததில் விரல்களில் சிவப்புத் தடம் விழுந்திருந்தது. குட்டியின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்று குட்டி நினைத்தாள்.

"ரெண்டு தடவை இறங்கினியே. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் பாஸா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுப்பை அணைத்துப் பழகிய நாட்களின் சிரிப்பு அது. இனி ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போகலாம், முதல் ஆள் நீதான் என்று குட்டி சொன்னாள். அம்மா பையிலிருந்து ரொட்டியை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"நான் உன் கட்சிதான். அதுக்காக மேல ஏறச் சொல்லாத. வேற ஆளைப் பாரு."

சாயங்காலம் அம்மா சமையலறைக்குப் போனாள். குட்டி வாசற்படியில் நின்று பார்த்தாள். அம்மா அவளை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, அடுப்பின் திருகைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். நெருப்பு நீலமாகப் பூத்தது. கையை எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா வந்தபோது பாத்திரத்தில் கொதி வந்திருந்தது. தோளில் தொங்கிய கருவிப் பையை இறக்காமல், ஷூவைக் கழற்றாமலே தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். அம்மா பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே, பாத்திரத்திடம் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை வயலை வேண்டாம் என்றது. திருப்பிக் காட்டு என்று அந்த அம்மாள் சொன்னது. மாட்டேன் என்றது. எஞ்சின் ஓடும்போது யார் சொன்னாலும் மூட மாட்டேன் என்றது.

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நிற்கவில்லை.

"புறங்கையாலதான் தொட்டாளாம்" என்றாள் அம்மா. "எங்கப்பா அப்படித்தான் தொடுவார்னு அந்த அம்மாகிட்ட சொன்னாளாம்."

துண்டு நின்றது.

அப்பா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். முட்டிகளில் பழைய தழும்புகள். எத்தனையோ கம்பிகளைத் தொட்டுப் பார்த்த கை. அதை யாரும் பார்த்துக்கொண்டிருந்ததாக அவருக்கு இதுவரை தோன்றியிருக்காது.

"அவகிட்ட கேளு" என்றார். "அதுல எத்தனை கிலோ ஏத்தலாம்னு."

அம்மா வாயைத் திறப்பதற்குள் குட்டி பேசினாள்.

"அம்மா, அவர்கிட்ட சொல்லு. அதைப் பைலட்கிட்ட நேராத்தான் கேக்கணும். எடை விஷயத்துல நடுவுல ஆள் கிடையாது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பல வாரங்களாகத் தட்டாமல் கடிதம் கொண்டுபோன முகத்தை. அம்மா கரண்டியைத் தட்டின் மேல் வைத்தாள்.

"போஸ்ட் ஆபீஸ் இன்னையோட மூடியாச்சுங்க" என்றாள்.

அவர் துண்டைப் போட்டுவிட்டு அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. போய்ச் சமாதானப்படுத்தேன் என்று அம்மா கண்ணால் கெஞ்சினாள். குட்டி அசையவில்லை. நாற்காலியை இழுத்து, அந்தக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். இன்று ஒருவரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள். இன்னொரு முறை சொல்ல நாக்குக் கூசவில்லை.

உள்ளே கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம். தரையில் உராயும் தகரச் சத்தம். அம்மா காதைச் சாய்த்தாள். அவள் கண்கள் அகன்றன.

"எடை மெஷின்" என்றாள் மெதுவாக.

ஸ்பிரிங் கிறீச்சிட்டது. பெருமூச்சு ஒன்று கேட்டது. பிறகு கருவிப் பை தரையில் இறங்கும் சத்தம். மறுபடி கிறீச். ஒரு ஷூ விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. கடைசியாக, காலையில் எடுத்துப் போன கார் சாவியை மேசைமேல் வைக்கும் சின்ன மணிச் சத்தம்.

கதவின் தாழ்ப்பாளில் கை பட்டது. அது திறக்கட்டும் என்று குட்டி காத்திருந்தாள்.